ஆள் வராத நாட்கள்: செட்டிநாட்டுக் கடை, பட்டறை, ஓட்டல்காரர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

காரைக்குடியில் இருந்துகொண்டு சுற்றுவட்டாரத்துச் சிறு நிறுவனங்களுக்குச் சம்பளப் பட்டியல், இஎஸ்ஐ (தொழிலாளர் மருத்துவக் காப்பீடு), பிஎஃப் (வருங்கால வைப்பு நிதி) வேலைகள் பார்த்துக் கொடுக்கிறேன். பலகாரக் கடை, ஜவுளிக் கடை, ஆத்தங்குடி டைல்ஸ் பட்டறை, புதுவயல் ரைஸ் மில், பழைய பங்களாவை ஓட்டலாக மாற்றி நடத்துபவர்கள் என்று பல ரகம். மாதக் கடைசியில் வருகைப் பதிவேட்டைத் தூக்கிக்கொண்டு வருகிறவர்கள் சம்பளக் கணக்கைவிட அதிகம் பேசுவது ஆள் வராததைப் பற்றித்தான். அவர்கள் கேட்டதையும் நான் சொன்னதையும் இங்கே தொகுத்திருக்கிறேன். பத்திலிருந்து ஐம்பது ஆள் வரை வைத்திருப்பவர்களை மனதில் வைத்து எழுதியது.

சட்டம் பற்றி ஒரு வார்த்தை. 2025 நவம்பர் 21 முதல் மத்திய அரசின் நான்கு தொழிலாளர் சட்டத் தொகுப்புகள் நடைமுறைக்கு வந்துவிட்டன. கடைகளுக்கும் ஓட்டல்களுக்கும் 1947-ஆம் ஆண்டின் தமிழ்நாடு கடைகள், நிறுவனங்கள் சட்டம் தனியாக இருக்கிறது. உங்கள் இடம் கடையா தொழிற்சாலையா என்பதை முதலில் தெளிவுபடுத்திக்கொண்டு படியுங்கள்.

யாரை 'வழக்கமாக வராத ஆள்' என்று சொல்லலாம்?

நாள் கணக்கை மட்டும் பார்த்தால் தப்பான ஆள்மேல் கோபம் வரும். மஞ்சள் காமாலையில் படுத்து ஒரேயடியாக 20 நாள் வராதவரும், மாதத்துக்கு ஒன்றிரண்டு தடவை போனை அணைத்துவிட்டு வருஷத்தில் 20 நாள் மட்டம் போட்டவரும் பதிவேட்டில் ஒன்றுபோலத்தான் தெரிவார்கள். முதல் ஆளுக்கு நீங்கள் மாற்று ஏற்பாடு செய்துகொள்ளலாம். இரண்டாவது ஆள்தான் இருபது காலை வேளைகளில் உங்களைத் தெருவில் நிற்க வைக்கிறார்.

பெரிய கம்பெனிகளில் இதற்கு பிராட்ஃபோர்ட் கணக்கு என்று ஒன்று வைத்திருக்கிறார்கள். எத்தனை தடவை வரவில்லையோ அந்த எண்ணை அதே எண்ணால் பெருக்கி, மறுபடியும் மொத்த நாளால் பெருக்க வேண்டும். காமாலைக்காரருக்கு 1 × 1 × 20, அதாவது 20. மட்டம் போட்டவருக்கு 20 × 20 × 20, அதாவது 8000. எங்கே தொந்தரவு அதிகம் என்பதை இது பளிச்சென்று காட்டிவிடும். ஆனால் இந்த எண்ணை வைத்துக்கொண்டு யாரையும் தண்டிக்காதீர்கள். வீசிங் இருப்பவர், டயாலிசிஸ் போகிறவர், கைக்குழந்தைக்காரி எல்லாருக்குமே இந்தக் கணக்கில் எண் ஏறத்தான் செய்யும். யாரிடம் முதலில் உட்கார்ந்து பேச வேண்டும் என்று தெரிந்துகொள்ள உதவும், அவ்வளவுதான்.

இன்னொன்று, பதிவேட்டில் வராத நாளுக்கெல்லாம் ஒரே குறி போடுவதை நிறுத்துங்கள். சொல்லிவிட்டு எடுத்ததற்கு ஒரு குறி, சொல்லாமல் நின்றதற்கு ஒரு குறி. மூன்று மாதம் இப்படி எழுதினாலே பாதி விஷயம் புரிந்துவிடும்.

எங்கள் இடத்தில் நிலைமை எவ்வளவு மோசம் என்று எப்படிக் கணக்கிடுவது?

12 பேர், மாதத்தில் 26 வேலை நாள். மொத்தம் 312 ஆள் நாள். அதில் 25 ஆள் நாள் காலி என்றால் 8 சதவீதம், அதாவது தினமும் ஓர் ஆள் குறைகிறது. இதை வாரநாள் வாரியாகவும் பிரித்துப் பாருங்கள். எல்லா நாளும் சமமாகக் குறைந்தால் உங்களிடம் ஆளே பற்றவில்லை என்று அர்த்தம். திங்கட்கிழமை மட்டும் குறைந்தால் கதை வேறு, அதற்குக் கீழே வருகிறேன்.

வருஷத்தில் பாதி நாள் திருவிழா, கல்யாணம், கேதம் என்றே போகிறது. என்னதான் செய்வது?

என்னிடம் அதிகம் கேட்கப்படுவது இதுதான், அதனால் பதிலும் நீளம்.

மாசி, பங்குனியில் முத்துமாரியம்மன் பால்குடம், முளைப்பாரி. சித்திரை, வைகாசியில் கொப்புடையம்மன் செவ்வாய்ப் பெருந்திருவிழா. ஆனியில் கண்டதேவித் தேர். ஆவணியில் பிள்ளையார்பட்டிச் சதுர்த்தி. தை பிறந்தால் பொங்கல், தை 3-ஆம் தேதி சிறாவயல் மஞ்சுவிரட்டு, அப்புறம் குன்றக்குடித் தைப்பூசம், பழனிக்குப் பாதயாத்திரை. நடுவில் மாசிச் சிவராத்திரிக்குக் குலதெய்வம் கோயில். மழை பெய்தால் வயல் வேலை, தையில் அறுப்பு. இதில் எது திடீரென்று வந்து குதிக்கிறது? எல்லாம் தினசரி காலண்டரில் இருக்கிறது. முகூர்த்த நாளும் அதே தாளில்தான் அச்சாகியிருக்கிறது. இருந்தும் பல முதலாளிகள் மஞ்சுவிரட்டுக்கு முந்தின நாள் சாயங்காலம் கடையை அடைக்கும்போதுதான் "நாளைக்கு யாரும் லீவு கேட்கக் கூடாது" என்கிறார்கள். சரி என்று தலையாட்டிவிட்டு மறுநாள் நாலு பேர் வருவதில்லை. கேட்டால் கிடைக்காது என்று தெரிந்த லீவை எவரும் கேட்க மாட்டார்கள், நேராக எடுத்துக்கொள்வார்கள்.

வருஷ ஆரம்பத்தில் ஒரு நாள் மத்தியானம் எல்லாரையும் உட்கார வையுங்கள். பெரிய மாதக் காலண்டர் ஒன்றை நடுவில் போட்டு, அவரவர் ஊர்த் திருவிழா எந்த மாதம், குலதெய்வம் எங்கே, வீட்டில் காதுகுத்து, கல்யாணம் ஏதும் வருகிறதா என்று கேட்டு, அந்தந்த நாளில் பெயரை எழுதுங்கள். கேட்கும்போதே சில விஷயம் தெரியவரும். காப்புக் கட்டிய ஊர்க்காரர் இரவில் வெளியூர் தங்கக் கூடாது என்று வழக்கம் இருக்கும். அந்த எட்டு நாளும் அவரை ஓட்டலில் இரவு டியூட்டிக்குப் போட்டால் வரமாட்டார்தான். பகல் டியூட்டிக்கு மாற்றினால் ஒரு நாள்கூடக் குறையாமல் வருவார். ஒரே ஊர்க்காரர் நாலு பேர் இருந்தால் இரண்டு பேர் பால்குடத்துக்கு, இரண்டு பேர் தேருக்கு என்று அவர்களே பிரித்துக்கொள்ளட்டும். நீங்கள் பிரித்தால் சண்டை வரும். அவர்களாகப் பிரித்துக்கொண்டால் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொள்வார்கள்.

தேசிய, பண்டிகை விடுமுறைகளுக்கான 1958-ஆம் ஆண்டுத் தமிழ்நாட்டுச் சட்டப்படி வருஷத்துக்கு 9 நாள் சம்பளத்தோடு லீவு கொடுக்க வேண்டும். ஜனவரி 26, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2 நான்கும் கட்டாயம். மீதி ஐந்து பண்டிகை நாட்கள். இந்த ஐந்தையும் சென்னை ஆபீஸ் பட்டியலைப் பார்த்து அப்படியே எழுதிக்கொள்பவர்கள் அதிகம். உங்கள் ஆட்களில் முக்கால்வாசிப் பேர் எப்படியும் வரப்போவதில்லை என்று தெரிந்த உள்ளூர் நாள் ஒன்றை அந்த ஐந்தில் சேருங்கள். அன்றைக்குக் கடை திறந்து என்ன கண்டீர்கள்?

கேதத்துக்குக் காலண்டர் கிடையாது. அதற்கு ஒரு முறையை முன்கூட்டியே சொல்லி வையுங்கள். தாய் தகப்பன், கணவன் மனைவி, பிள்ளை, கூடப்பிறந்தவர் என்றால் காரியம் முடியும் வரை. பங்காளி, மாமன் மச்சான் வீடு என்றால் ஒரு நாள். ஊர்க் கேதம் என்றால் எடுக்கும் நேரம் பார்த்து இரண்டு மூன்று மணி நேரம் பர்மிஷன். போய்த் தலையைக் காட்டாமல் இருக்க முடியாது. நாளைக்கு நம் வீட்டுக்கு யார் வருவார் என்ற கேள்வி இருக்கிறதே. அதை உணர்ந்து இரண்டு மணி நேரம் கொடுத்தால் முழு நாள் மட்டம் மிச்சம். இதற்கு ஆதாரம் கேட்காதீர்கள். ஒரே பெரியப்பாவை இரண்டு தடவை சாகடித்தவர்களும் உண்டு, இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் நம் பக்கம் ஊர் சின்னது. பொய் ஒரு வாரம் தாங்காது.

பதிலுக்கு நீங்களும் சில நாட்களைக் கேட்டு வாங்கிக்கொள்ளலாம். பலகாரக் கடைக்குத் தீபாவளிக்கு முந்தின இரண்டு வாரம், ஜவுளிக் கடைக்கு ஆடித் தள்ளுபடி, ஓட்டலுக்கு மார்கழி, தைச் சீசன். அந்த நாட்களில் உயிர் போகிற காரியம் தவிர லீவு இல்லை, அதற்குப் பதிலாகச் சீசன் முடிந்ததும் இத்தனை நாள் என்று அதே காலண்டரில் எழுதுங்கள். எழுதியதை மீறாமல் கொடுங்கள். ஒரு வருஷம் ஏமாற்றினால் அடுத்த வருஷம் அந்தக் காலண்டர் வெறும் சாமி படம்தான்.

திங்கட்கிழமை என்றால் நாலைந்து பேர் வருவதே இல்லை. குடிதான் காரணம். திங்கள் வந்தால்தான் சம்பளம் என்று நிறுத்தி வைக்கலாமா?

சனிக்கிழமை பட்டுவாடா, ஞாயிறு லீவு, திங்கள் மட்டம். இந்த வரிசை எல்லாருக்கும் தெரிந்ததுதான். ஆனால் வாரச் சம்பளத்தை வார விடுமுறைக்கு முந்தின வேலை நாளிலேயே கொடுத்துவிட வேண்டும் என்று ஊதியச் சட்டத் தொகுப்பு சொல்கிறது. பிடித்து வைத்தால் தப்பு உங்கள் பக்கம் வந்துவிடும். ஆட்கள் சம்மதித்தால் மாதச் சம்பளத்துக்கு மாறி வங்கிக் கணக்கில் போடுங்கள். கணவன் மனைவி கூட்டுக் கணக்காக இருந்தால் இன்னும் நல்லது. ரொக்கமாகக் கையில் வாங்குவதற்கும் கணக்கில் விழுவதற்கும் நிறைய வித்தியாசம் இருக்கிறது.

வாரக் கடைசியில் மட்டும் குடிப்பவருக்கு இது போதும். தினமும் குடித்தால்தான் கை நடுக்கம் நிற்கும் என்ற நிலையில் இருப்பவர் வேறு. அவர் நோயாளி. "நாளையிலிருந்து குடிக்க மாட்டேன் என்று சத்தியம் பண்ணு" என்று அவரைக் கோயில் வாசலில் நிறுத்தாதீர்கள். பல வருஷம் குடித்தவர் சட்டென்று நிறுத்தினால் வலிப்புகூட வரலாம். மருத்துவர் பார்வையில்தான் நிறுத்த வேண்டும். சிவகங்கை அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கு அழைத்துப்போகலாம். 104 என்ற எண்ணிலும், மனநல உதவிக்கான 14416 என்ற எண்ணிலும் பேசி விவரம் கேட்கலாம். சிகிச்சைக்குப் போகும் நாளை லீவாகக் கொடுங்கள். மட்டம் என்று எழுதாதீர்கள்.

போதையோடு வேலைக்கு வந்தால் அது வருகைப் பிரச்சினையே அல்ல, ஆபத்து. எண்ணெய்ச் சட்டிப் பக்கமோ மில் பெல்ட் பக்கமோ விடாமல், கூட ஓர் ஆளை அனுப்பி வீட்டில் விட்டுவிட்டு வரச் சொல்லுங்கள். பேச்சு மறுநாள்.

பெண்கள்தான் அடிக்கடி வருவதில்லை. கேட்டால் சரியாகக் காரணமும் சொல்வதில்லை.

ஆண் மேனேஜரிடம் சொல்ல முடியாத காரணமாக இருக்கலாம் என்று யாரும் யோசிப்பதில்லை. நான் முதலில் கேட்பது, "உங்கள் இடத்தில் பெண்களுக்குத் தனிக் கழிப்பறை இருக்கிறதா, தாழ்ப்பாள் இருக்கிறதா, தண்ணீர் வருகிறதா?" என்பதுதான். பல இடங்களில் பதில் இழுவையாக வரும். மாதத்தில் மூன்று நாள் வரிசையாக வராதவர்களின் கதை அங்கேயே முடிந்துவிடுகிறது.

ஜவுளிக் கடையில் பத்து மணி நேரம் நின்றே வேலை பார்த்தால் கால் வீங்கத்தான் செய்யும். உட்கார இருக்கை கொடுக்க வேண்டும் என்று 2021-லேயே தமிழ்நாட்டில் கடைகள் சட்டத்தைத் திருத்திவிட்டார்கள். ஸ்டூல் வாங்கிப் போட்டுவிட்டு, உட்கார்ந்தால் முறைக்கும் கடைகளும் உண்டு.

பஸ்ஸையும் பாருங்கள். மகளிருக்குக் கட்டணம் இல்லாத டவுன் பஸ்ஸை நம்பித்தான் கல்லல், சாக்கோட்டைப் பக்கமிருந்து பலர் வருகிறார்கள். அந்த பஸ் காரைக்குடிக்கு 9.10-க்கு வந்து சேரும் என்றால், 9 மணிக்கு மேல் வந்தால் அரை நாள் கட் என்ற உங்கள் விதி அவர்களை என்ன செய்யும்? அரை நாள் சம்பளத்துக்கு வருவதற்குப் பதில் அடுப்படியில் வேலையைப் பார்க்கலாம் என்று வீட்டோடு நின்றுவிடுவார்கள். நேரத்தை 9.20 ஆக்கிச் சாயங்காலம் இருபது நிமிடம் சேர்த்துக்கொண்டால் தீர்ந்தது.

அப்புறம் குழுக் கடன். தவணை கட்ட முடியாத வாரத்தில், வசூல்காரர் வேலை பார்க்கும் இடத்துக்கே வந்து சத்தம் போடுவார் என்ற பயத்தில் நின்றுவிடுகிறவர்கள் உண்டு. வேலை இடத்துக்குள் வசூலுக்கு யாரும் வரக்கூடாது என்று வாசலில் நிறுத்திச் சொல்வது முதலாளியால் முடிகிற காரியம்தான். செலவும் இல்லை.

பெண் ஊழியர்களிடம் காரணம் கேட்க அவர்களிலேயே மூத்தவர் ஒருவரை ஏற்பாடு செய்யுங்கள். "என்னக்கா, ரெண்டு நாளா ஆளைக் காணோம்?" என்று அவர்களுக்குள் கேட்டுக்கொள்ளும்போது வரும் பதில் உங்கள் மேஜைக்கு எதிரே நின்று வராது.

ஒரு நாள் வராவிட்டால் இரண்டு நாள் சம்பளம் பிடிக்கிறோம். சரிதானே?

சரியில்லை. எத்தனை நாள் வரவில்லையோ அத்தனை நாளுக்குத்தான் பிடிக்கலாம். வராத நாளுக்குப் பிடிப்பது வேறு, அபராதம் வேறு. அபராதம் போடுவதென்றால் எதற்கெல்லாம் போடலாம் என்பதற்கு அரசு ஒப்புதல் வாங்கி, அறிவிப்பு ஒட்டி, அந்த ஆளின் விளக்கத்தையும் கேட்க வேண்டும். அப்போதும் அந்தச் சம்பளக் காலத்துக் கூலியில் 3 சதவீதத்தைத் தாண்டக் கூடாது. எல்லாப் பிடித்தமும் சேர்ந்து சம்பளத்தில் பாதியைத் தாண்டக் கூடாது. பத்துப் பேரோ அதற்கு மேலோ பேசிவைத்துக்கொண்டு அறிவிப்பில்லாமல் நின்றால் மட்டும் 8 நாள் வரை பிடிக்க இடம் இருக்கிறது. அது வேலைநிறுத்தம் மாதிரிச் சமாச்சாரம், முத்துமாரியம்மன் பால்குடத்துக்குப் பொருந்தாது.

சட்டப்படி எத்தனை நாள் லீவு கொடுக்க வேண்டும்?

கடை, ஓட்டல் என்றால் ஒரு வருஷம் வேலை முடித்தவருக்கு 12 நாள் சம்பள விடுப்பு. அது போக நோய்க்கு 12 நாள் வரை, தற்செயல் விடுப்பு 12 நாள் வரை. தொழிற்சாலை என்றால் வேலை பார்த்த ஒவ்வொரு 20 நாளுக்கும் ஒரு நாள். அதற்குத் தகுதி பெற வருஷத்தில் 240 நாள் வேலை பார்த்திருக்க வேண்டும் என்பது பழைய கணக்கு. புதிய தொகுப்பில் அது 180 நாள்.

இந்த எண்களைக் கேட்டதும் "அத்தனை நாளா!" என்று அதிர்பவர்களே அதிகம். ஆட்களுக்கும் தெரியாது. சம்பளத்தோடு கிடைக்கும் லீவு எத்தனை மிச்சம் இருக்கிறது என்று தெரிந்தவர் அதை எண்ணி எண்ணித்தான் செலவு செய்வார். லீவே இல்லாத இடத்தில்தான் மட்டம் அதிகம்.

உடம்பு சரியில்லை என்று மாதாமாதம் சீட்டு கொண்டுவருகிறார். பொய்யா, நிஜமா?

அதை மருத்துவரிடம் விட்டுவிடுங்கள். பத்துப் பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் இடத்தில் 21,000 ரூபாய் வரை சம்பளம் வாங்குபவருக்கு இஎஸ்ஐ உண்டு. ஊழியர் பங்கு 0.75 சதவீதம், முதலாளி பங்கு 3.25 சதவீதம். நோய்வாய்ப்பட்டால் கூலியில் 70 சதவீதத்தை வருஷத்துக்கு 91 நாள் வரை இஎஸ்ஐ கொடுக்கும். ஆறு மாதத்தில் குறைந்தது 78 நாளுக்குப் பங்களிப்பு இருந்திருக்க வேண்டும். இதைச் சொன்னால் உண்மையிலேயே நோயாளியாக இருப்பவர் இஎஸ்ஐ மருத்துவரிடம் போவார், உங்களுக்கும் பாரம் குறையும். சும்மா சீட்டு வாங்குபவருக்கு அந்த வரிசையில் நிற்கப் பொறுமை இருக்காது.

அந்தப் பணம் வாங்கிக்கொண்டிருக்கும் காலத்தில் அவரை வேலையை விட்டு நீக்கவோ தண்டிக்கவோ கூடாது. பிரசவ விடுப்பில் இருப்பவருக்கும் இதே பாதுகாப்பு.

ஒரு நாளும் தவறாமல் வந்தால் போனஸ் என்று வைக்கலாமா?

வைக்கலாம், ஆனால் பார்த்து வையுங்கள். மாதம் முழுக்க வந்தால் ஆயிரம், ஒரு நாள் போனாலும் பூஜ்யம் என்று வைத்தால், மூன்றாம் தேதியே ஒரு நாள் போனவருக்கு மீதி மாதம் வர என்ன தூண்டுதல் இருக்கும்? வாரவாரம் சின்னத் தொகையாகப் பிரியுங்கள். முன்கூட்டிச் சொல்லி எடுத்த லீவுக்கு அதில் கை வைக்காதீர்கள்.

சமையல்கட்டு, பலகாரக் கூடத்தில் எனக்கு இந்த முறையே பிடிக்காது. காய்ச்சலோடும் வயிற்றுப்போக்கோடும் வந்து மாவு பிசைவார்கள். தொற்றுநோய் உள்ளவரை உணவைத் தொட விடக்கூடாது என்பது உணவுப் பாதுகாப்பு விதி. ஆயிரம் ரூபாய் ஆசை காட்டி அவரை உள்ளே இழுப்பது நீங்கள்தான்.

கார்த்திகை வந்தால் மாலை போட்டுக்கொண்டு பாதிப் பேர் சமையல்கட்டுக்கே வருவதில்லை.

அசைவத்துக்குப் பேர் போன செட்டிநாட்டு ஓட்டலில் இது பெரிய தலைவலிதான். மாலை போட்டவர் கோழி வெட்ட மாட்டார், நண்டு மசாலா வதக்க மாட்டார். ஐப்பசியிலேயே யார் யார் மாலை போடுகிறார்கள் என்று கேட்டுவிடுங்கள். அவர்களைக் காலை டிபன், சைவப் பந்தி, ஸ்டோர் என்று மாற்றிப் போடுங்கள். மலைக்குப் போகும் நாட்களை மட்டும் லீவாக எழுதிக்கொள்ளுங்கள். ஒரு மண்டலம் முழுக்கத் தண்ணியடிக்காமல் விடிகாலையில் எழுந்து குளித்துவிட்டு வேலைக்கு வருகிற ஆளை விட்டுவிடாதீர்கள், வருஷத்திலேயே ஒழுங்காக வரும் காலம் அதுதான்.

பட்டறையில் கைதேர்ந்த ஆள் ஒருவர்தான். அவர்தான் மட்டம் போடுகிறார்.

ஆத்தங்குடி வேலையைப் பார்த்தவர்களுக்குத் தெரியும். கண்ணாடித் தட்டின்மேல் தகர அச்சை வைத்து, கட்டம் கட்டமாகச் சாயக் கலவையை ஊற்றி, அச்சைக் கலையாமல் தூக்கி, மேலே காய்ந்த சிமென்ட் தூவி, அப்புறம் சாந்து போட்டுச் சமன் செய்ய வேண்டும். சாந்து குழைக்கவும், கல்லைத் தண்ணீர்த் தொட்டியில் ஊறப்போடவும் நாலு பேர் இருப்பார்கள். சாயம் ஊற்றும் கை ஒன்றுதான். அந்தக் கை வரவில்லை என்றால் மீதி நாலு பேரும் மரத்தடியில் உட்கார்ந்திருப்பார்கள், நாலு பேர் கூலியும் போகும். கைமுறுக்கு சுற்றும் ஆச்சி வராத அன்று பலகாரக் கூடத்திலும் இதே கதை.

அந்த ஆளுக்கும் தன் மதிப்பு தெரியும். அவரைத் திட்டித் திருத்திவிடலாம் என்று நினைப்பது வீண். அடுத்த வருஷத்துக்குள் இன்னும் இரண்டு கைகளைத் தயார்ப்படுத்துங்கள். பழக்கிவிடும் ஒவ்வொருவருக்கும் இவ்வளவு என்று அவருக்கே தனித் தொகை கொடுங்கள். இல்லாவிட்டால் தன் இடத்துக்கு ஆள் தேடுகிறார்கள் என்று சொல்லிக்கொடுக்கவே மாட்டார். மாதச் சம்பளத்தை விட்டுக் கல் கணக்குக் கூலிக்கு அவரே கேட்டால் அதையும் யோசிக்கலாம்.

முன்பணம் ஐம்பதாயிரம் வாங்கிவிட்டு ஆள் வருவதில்லை. கடன் தீரும்வரை விடமாட்டேன் என்று சொல்லலாமா?

சொல்லவே கூடாது. கடனைக் காட்டி ஆளைப் பிடித்து வைப்பது 1976-ஆம் ஆண்டுக் கொத்தடிமைத் தொழிலாளர் ஒழிப்புச் சட்டப்படி குற்றம், சிறைத்தண்டனை உண்டு. முன்பணத்தைச் சிறு தவணையாக எழுதி வாங்கிப் பிடியுங்கள். பெரிய முன்பணம் கொடுத்தால் ஆள் நிலைப்பார் என்பது பழைய நம்பிக்கை. கடன் ஏறிய ஆள், கையில் எப்படியும் காசு வராது என்று தெரிந்து, வேறு இடத்தில் நாள் கூலிக்குப் போவதைத்தான் நான் பார்க்கிறேன்.

வடமாநிலப் பையன்கள் ஹோலிக்கும் சட் பூஜைக்கும் ஊருக்குப் போனால் எப்போது திரும்புவார்கள் என்றே தெரியவில்லை.

ரயில் டிக்கெட்தான் முக்கால்வாசிக் காரணம். இப்போது 60 நாளைக்கு முன்புதான் முன்பதிவு தொடங்குகிறது. அன்றைக்கே போகவும் வரவும் இரண்டு டிக்கெட்டையும் நீங்களே போட்டுக் கொடுங்கள். திரும்பும் டிக்கெட் கையில் இருப்பவர் பெரும்பாலும் வந்துவிடுகிறார். எல்லாரும் ஒரே நாளில் போகாமல் இரண்டு அணியாகப் பிரியுங்கள்.

சொந்தக்காரப் பையன். கண்டித்தால் வீட்டில் பேச்சு வருகிறது.

சேர்த்த அன்றே அவன் பெயரும் பதிவேட்டில் ஏற வேண்டும். மற்றவர்கள் உங்களைப் பார்ப்பதில்லை, அவனைத்தான் பார்க்கிறார்கள். "மாப்பிள்ளை, வீட்டுல நான் உனக்கு மாமன், கடையில எல்லாருக்கும் ஒரே நோட்டுதான்" என்று ஒரு தடவை தனியாகச் சொல்லிவிடுங்கள். அதற்கும் மசியவில்லை என்றால் கடைக்கு வெளியே ஏதாவது வேலை பிடித்துக் கொடுங்கள்.

முதலாளி சென்னையில் இருக்கிறார். நான் மேனேஜர். ஆட்கள் என் பேச்சை மதிப்பதில்லை.

லீவு கொடுக்கும் அதிகாரம் உங்களிடம் இருக்கிறதா? உங்களிடம் மறுக்கப்பட்டவர் முதலாளிக்கு நேரே போன் போட்டு "அண்ணே, ஒரு அவசரம்" என்று வாங்கிவிட முடிந்தால் உங்களை ஏன் மதிக்க வேண்டும்? முதலாளியிடம் முதலில் இதைப் பேசி முடியுங்கள். ஆட்களைப் பற்றிய பேச்சு அதற்குப் பிறகுதான்.

பேசியும் பார்த்தாயிற்று, மாற்றியும் பார்த்தாயிற்று. எப்படி நடவடிக்கை எடுப்பது?

திரும்பி வந்த அன்றே, ஐந்து நிமிடம், தனியாக. "தம்பி, புதன்கிழமை உன்னை எதிர்பார்த்து ஆர்டர் எடுத்துட்டேன். என்ன ஆச்சு?" என்று கேட்டுவிட்டு வாயை மூடிக்கொள்ளுங்கள். அவர் பேசட்டும். நாலு பேர் முன்னால் கேட்டால் கிடைப்பது பொய்தான். பேசிய தேதியைக் குறித்து வையுங்கள். இப்படி இரண்டு மூன்று தடவை பேசியும் மாறவில்லை என்றால் எழுத்தில் கொடுங்கள். கடிதம் இந்த அளவுக்கு இருந்தால் போதும்:

"நீங்கள் ….. தேதிகளில் முன்கூட்டித் தெரிவிக்காமல் வேலைக்கு வரவில்லை. ….. அன்று இதுபற்றி நேரில் பேசினோம். அதன் பிறகும் ….. தேதிகளில் இதேபோல் நடந்திருக்கிறது. காரணத்தை இக்கடிதம் கிடைத்த 7 நாளுக்குள் எழுத்திலோ நேரிலோ தெரிவிக்கவும். உடல்நலமோ குடும்பச் சூழலோ காரணமென்றால் அதையும் தெரிவிக்கவும். வேலை நேரத்தையோ பிரிவையோ மாற்றித் தர முடியுமா என்று பார்க்கிறோம்."

தேதிகள்தான் இதில் உயிர். "அடிக்கடி வருவதில்லை" என்று பொத்தாம்பொதுவாக எழுதிய கடிதம் எங்கேயும் நிற்காது. பொறுப்பில்லாதவர், திமிர் பிடித்தவர் என்ற வார்த்தைகளும் வேண்டாம்.

கடைகள் சட்டத்தில், ஆறு மாதம் தொடர்ந்து வேலை பார்த்தவரைத் தகுந்த காரணமின்றி நீக்க முடியாது. காரணம் இருந்தாலும் ஒரு மாத முன்னறிவிப்போ அந்த மாதச் சம்பளமோ கொடுக்க வேண்டும். ஒழுங்கீனம் என்று குற்றம் சாட்டி நீக்குவதானால் விசாரணை வைத்து, அவர் பக்கத்தைக் கேட்டு, சாட்சியத்தைப் பதிவு செய்ய வேண்டும். அப்போது முன்னறிவிப்பு தேவையில்லை. அவர் மேல்முறையீட்டுக்கும் போகலாம். பெரிய ஆலைகளுக்கான பழைய மாதிரி நிலையாணைகளில், அதாவது ஆலையின் வேலை விதிகளில், அனுமதியின்றி 10 நாளுக்கு மேல் வராததும், வழக்கமாகவே அனுமதியின்றி வராததும் ஒழுங்கீனம் என்றே இருக்கிறது. ஆனாலும் விசாரணை இல்லாமல் அந்த வரியை மட்டும் காட்டி நீக்க முடியாது. நீக்கினால் பாக்கிச் சம்பளத்தை இரண்டு வேலை நாளுக்குள் கொடுத்துவிடுங்கள்.

ஆளே மறைந்துவிட்டார். போனும் இல்லை. தானாக விலகிவிட்டதாக எழுதிக்கொள்ளலாமா?

அவசரப்பட வேண்டாம். எட்டு நாளுக்கு மேல் வராததால் ஒரு தொழிலாளியின் வேலை தானாகப் போய்விட்டது என்று ஒரு நிறுவனம் தன் நிலையாணையைக் காட்டியது. அவர் பக்கத்தைக் கேட்காமல் அப்படிச் செய்தது செல்லாது என்று 1993-இல் உச்ச நீதிமன்றம் சொல்லி, பாதிப் பின்சம்பளத்தோடு அவரை வேலையில் சேர்க்க உத்தரவிட்டது. 2012-இல் வேறொரு வழக்கில், வேண்டுமென்றே வராமல் இருந்தாரா, வர முடியாத சூழ்நிலையா என்று பார்க்காமல் தண்டிக்கக் கூடாது என்றும் சொல்லியிருக்கிறது.

அதனால் முதலில் வீட்டுக்கு ஆள் அனுப்புங்கள். ஆஸ்பத்திரியில் கிடக்கிறாரா, வீட்டில் ஏதும் நடந்துவிட்டதா என்று பாருங்கள். அப்புறம் வீட்டு முகவரிக்கு ஸ்பீடு போஸ்ட்டில் கடிதம், வாட்ஸ்அப்பிலும் அதே கடிதம். பதில் இல்லையா, சில நாள் விட்டு இன்னொன்று. ரசீதையும் திரும்பி வந்த உறையையும் பிரிக்காமல் பத்திரப்படுத்துங்கள். இதற்குப் பிறகும் ஒன்றும் இல்லை என்றால் விசாரணைத் தேதி குறித்து அதையும் அனுப்பிவிட்டு முடிவெடுக்கலாம்.

விரல் ரேகை மிஷின் வைத்தால் சரியாகிவிடுமா?

தாமதமாக வருவது குறையும். வராமல் இருப்பவர் விரலை எங்கே வைக்கப் போகிறார்? முறுக்கு சுற்றும் கை, சிமென்டில் கிடந்த கை என்றால் ரேகையே பதியாது. அதற்கு முகம் பார்க்கும் மிஷின்தான் வாங்க வேண்டியிருக்கும்.

மூன்று மாதம் கழித்து வந்து நிற்கிறார். மறுபடி சேர்த்துக்கொள்வதா?

அந்த இடத்துக்கு வேறு ஆள் போட்டுவிட்டீர்கள், முறைப்படி நீக்கியும் விட்டீர்கள் என்றால் இல்லை என்று சொல்லிவிடலாம். பாவம் பார்த்து இரண்டு ஆளுக்கும் சம்பளம் கொடுக்க உங்களால் முடியாது. இடம் இருக்கிறது, ஆளும் வேலை தெரிந்தவர் என்றால் சேர்த்துக்கொள்வதில் தப்பில்லை. எதற்காகப் போனார் என்பதை மட்டும் முதலில் கேளுங்கள்.

சேர்ப்பதானால் பழைய பணியின் தொடர்ச்சியா, புதுச் சேர்க்கையா என்பதை அன்றே எழுதிவிடுங்கள். பணிக்கொடைக்கு (கிராஜுவிட்டி) ஐந்து வருஷத் தொடர் பணி பார்ப்பார்கள். இடைவெளியைப் பணி முறிவு என்று முறைப்படி உத்தரவு போடாமல் விட்டிருந்தால் அது தொடர்ச்சியாகவே கணக்காகலாம். பிஎஃப் பழைய யூஏஎன் எண்ணிலேயே (ஆளுக்கு ஒன்றாகக் கொடுக்கும் பிஎஃப் எண்) போகட்டும். புதிதாக ஓர் எண் எடுத்துவிட்டால் பிறகு இரண்டையும் இணைக்க அவரும் அலைவார், நானும் அலைய வேண்டியிருக்கும்.